ஞாயிற்றுக்கிழமைக் கண்டாக்கு

என் முட்டாள்தனங்களில் பெரும்பாலானவை வாயால் செய்தவை. அவற்றுக்குத் தடயம் கிடையாது; யாராவது ஞாபகப்படுத்தினால் "நானா?" என்று கேட்டுத் தப்பித்துவிடலாம். ஒன்றை மட்டும் ஒரு வாளிச் சுண்ணாம்பும் வெள்ளையடிக்கிற மட்டையுமாக, பட்டப்பகலில், பஜார் நடுவில், ரோட்டுக்குக் குறுக்கே குனிந்து நின்று செய்தேன். ஊரே பார்த்தது. மறுக்க வழியில்லை என்பதால் எழுதிவிடுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. இலங்கை மலைநாட்டில், அட்டனுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு ரயில் நிலையம், அதன் காலடியில் ஒரே தெருவாக ஒரு பஜார். ஊர்ப் பெயர் வேண்டாம். மாமனார் வீட்டு உறவுகள் இன்னும் அங்கே ஜவுளிக்கடை வைத்திருக்கிறார்கள். எனக்கும் தீபாவளிக்குத் தீபாவளி வேட்டி வேண்டியிருக்கிறது.

மாமனாருக்கு ஒரே மகள். அந்த மகளைக் கட்டிக்கொண்டு, கீழே அவருடைய ஜவுளிக்கடையில் வேலை, மாடியில் குடித்தனம் என்று நான் வந்து சேர்ந்தேன். வீட்டோடு மாப்பிள்ளை என்பது ஒரு தனிப் பிறவி. விருந்தாளியைப் போல மூன்றாம் நாள் கிளம்ப முடியாது. வேலையாளைப் போலக் கோபித்துக்கொள்ளவும் முடியாது. எங்கள் அறையின் பலகைத் தரைதான் கடைக்கு மேல்தட்டு. நான் கட்டிலில் புரண்டால் கீழே கல்லாவில் இருக்கும் மாமனாருக்குத் தெரியும். கடையில் கூட்டம் சேர்ந்தால் கஜக்கோலை உயர்த்திப் பலகையில் தட்டுவார். இரண்டு தட்டு என்றால் நான் இறங்க வேண்டும். மூன்று தட்டு என்றால் தேத்தண்ணி இறங்க வேண்டும். ஒரு வருஷம் கழிந்தபின் மூன்று தட்டுக்கும் என் கால்கள் தாமாகவே இறங்கத் தொடங்கின.

என்னைவிட என் வீட்டுக்காரிக்குத்தான் அவசரம். பக்கத்து ஊரான கொட்டகலை பஜாரில் மாமனாருக்குச் சொந்தமான ஒரு சின்னக் கடை பூட்டிக் கிடந்தது. பின்னால் இரண்டு அறை, ஓர் அடுப்படி.

"அந்த அடுப்படியில நான் என்ன ஆக்கினாலும் யாரும் மாடிப்படியில நின்னு மோந்து பாத்து உப்பு பத்தலன்னு சொல்ல மாட்டாங்க" என்பாள். அவளுடைய அம்மாவுக்கு அப்படி ஒரு மூக்கு.

கொட்டகலைச் சாவி மாமனாரின் அரைஞாணில் தொங்கியது. கேட்டபோதெல்லாம் "பாப்போம் மாப்ள" என்றார். இரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேயிலைத் தோட்டத்து ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதை வழியாக இறங்கி, ரயில் நிலையத்துப் பக்கம் மேல்வரிசைக் கடைகளின் முன்னால் வந்து சேர்வார்கள். எங்கள் கடை எதிரே, கீழ்வரிசையில். நடுவில் ரோடு, பக்கத்திலேயே ஒரு வளைவு. வட்டவளைப் பக்கமிருந்து ஏறி வரும் லாரி வளைவில் திரும்பும்வரை தெரியாது. பனி இறங்கியிருந்தால் திரும்பிய பிறகும் தெரியாது. தேயிலைப் பெட்டி லாரிகள், பஸ்கள், மாட்டு வண்டிகள் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே ரோடுதான். லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் அந்தச் சனங்களுக்குப் பழக்கமான மோட்டார் தோட்டத் துரையுடைய கார் ஒன்றுதான். அது வந்தால் ஒதுங்கி நிற்பார்கள், போனால் நகர்வார்கள். பஜாரில் ஒன்று போனால் அடுத்தது வந்தது. அதனால் அரைமணி நேரம் ஓரத்தில் நின்றுவிட்டுத் திடீரென்று எல்லோரும் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரே ஓட்டமாக ஓடுவார்கள். ஒரு தடவை அந்த ஓட்டத்தில் சாக்குத் தூக்குகிற ஓர் ஆளின் பாதத்தில் பஸ் ஏறிவிட்டது. பிழைத்தார். ஆனால் அப்புறம் அவர் சாக்குத் தூக்கவில்லை.

மாமனார் ஊர் போர்டில் மெம்பர். அந்தப் பாதம் அவரை நிஜமாகவே வருத்தியது. ரோட்டைக் கடக்கப் பயந்த பாதிச் சனம் மேல்வரிசையிலேயே துணி எடுத்துக்கொண்டு திரும்பிப் போனதும் அவரை வருத்தியது. எது பெரிய வருத்தம் என்று நான் கேட்டதில்லை.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது போர்டு இதற்கு வழி தேடுகிறது என்று சொன்னார். நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் சீமையிலிருந்து வந்த துணிப் பேலில் சுற்றியிருந்த ஒரு படப் பத்திரிகையை அந்த வாரம்தான் பார்த்திருந்தேன். லண்டன் தெரு. ரோட்டோரம் உச்சியில் உருண்டை வைத்த கம்பங்கள், குறுக்கே அடையாளமிட்ட வழி, நின்றுகொண்டிருக்கும் கார்கள். ஒரு சீமாட்டி நாயுடன் கடந்துகொண்டிருந்தாள். நாய்கூட அவசரப்படவில்லை.

"மாமா, சீமையில ரோட்டக் கடக்கிறவங்களுக்குன்னே குறுக்க வழி போட்டிருக்காங்க. மோட்டார்தான் நிக்கணும்."

"யாரு நிறுத்துவா?"

"கோடு போட்டாப் போதும் மாமா. கோட்டப் பாத்ததும் நிறுத்திருவான்."

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த அத்தை கேட்டார்: "மாடும் பாக்குமா மாப்ள?"

கதவுக்குப் பின்னால் என் வீட்டுக்காரி இருமினாள். அந்த இருமலுக்குக் கொட்டகலை என்று அர்த்தம். நான், "இது மட்டும் சரியா வந்துட்டா, அந்தக் கொட்டகலைக் கடை..." என்று இழுத்தேன்.

மாமனார் மோரைக் குடித்து முடித்தார். "நாலு ஞாயிறு ஒருத்தரும் அடிபடாமக் கடந்துரட்டும். சாவிய வாங்கிக்கங்க. ஆனா நீங்கதான் நின்னு பாத்துக்கணும்."

செலவு ஒரு வாளிச் சுண்ணாம்புதான் என்றதும் போர்டு ஒரே மனதாகச் சம்மதித்தது.

சனிக்கிழமை கோடு போட்டேன். எட்டடி இடைவெளியில் இரண்டு கோடுகள், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. முதல் கோடு நேராக வந்தது. இரண்டாவதைப் போடும்போது ஒரு வண்டி மாடு பின்னால் வந்து என்னை முகர்ந்தது. அந்தக் கோடு கொட்டகலைப் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்துவிட்டது. நாங்கள் ராலாமி என்று கூப்பிடும் சிங்களப் போலீஸ்காரர் வந்து, இடுப்பில் கைவைத்துக் கோட்டையும் என்னையும் பார்த்து, "மொகத மே?" என்றார். என்ன இது என்கிறார். சீமை வழக்கம் என்றேன். சீமையையே குற்றம் சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லாததால் போய்விட்டார்.

முட்டாள்தனத்தின் அடுத்த பாகம் உடை. சீமைக்குக் கப்பலேறிய ஒரு துரையின் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது ஒரு காக்கிக் கோட்டும் ஒரு தொப்பியும் எடுத்திருந்தேன். அந்தக் கோட்டுக்குள் நான் போக இன்னும் ஓர் ஆளுக்கு இடம் மிச்சம் இருந்தது. தொப்பி புருவம் வரை இறங்கும். வேட்டியோடு நின்றால் எந்த லாரிக்காரன் மதிப்பான்? ஞாயிற்றுக்கிழமை காலை கோட்டை மாட்டி, தொப்பியை வைத்து, கடைச் சிவப்புத் துணியில் ஒரு கொடியும் வாயில் விசிலுமாகப் புறப்பட்டேன். வீட்டுக்காரி தொப்பியைச் சற்று உயர்த்தி வைத்துவிட்டு, "கொட்டகலைக்குத்தானே, பரவால்ல" என்றாள்.

கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு முதல் கூட்டம் இறங்கி வந்தது. நான் வாகனங்களை நிறுத்தி, "வரிசையா வாங்க. கோட்டப் பாத்து வாங்க" என்று கத்தினேன்.

கோட்டைப் பார்த்தார்கள். காக்கிக் கோட்டையும் பார்த்தார்கள். ரோட்டில் இறங்கி, ஆண்கள் ஒரு கோட்டின் மேலும் பெண்கள் மற்றக் கோட்டின் மேலுமாக, தோளோடு தோள் சேர்த்து வரிசையாக நின்றுவிட்டார்கள்.

முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதன்பின்தான் யாரும் நகரவில்லை என்பதைக் கவனித்தேன். பின்னால் வந்தவர்களும் வரிசையில் சேர்ந்துகொண்டார்கள்.

"ஏன் நிக்கிறீங்க? போங்க."

ஒரு வயசாளி தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "எந்த மலைக்குங்க ஐயா?"

"மலைக்கு இல்லங்க. கடைக்கு."

அவர் யோசித்தார். கடை என்று ஒரு மலை அவருடைய தோட்டத்தில் இல்லை.

பெண்கள் வரிசையில் இரண்டு பக்கமும் மூக்குத்தி போட்ட, கொழுந்து பறிக்கிற அம்மா ஒருத்தி பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள்: "ஞாயித்துக்கெழமயும் பெரட்டு வச்சிட்டானுங்க பாத்தியாடி. இனி கோயிலுக்குப் போனாலும் பேரு போட்டுட்டுத்தான் போகணும்."

"பேசாம நில்லுக்கா. கோட்ட விட்டு நகந்தா அரப்பேரு ஆக்கிருவாரு."

"ஆக்கட்டும். கோட்டுக்குள்ள பாரு, அவரே அரப்பேருதான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தோட்டங்களில் விடியற்காலை பெரட்டு உண்டு. ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை என நிற்க வேண்டும். காக்கிக் கோட்டும் தொப்பியும் போட்ட கண்டாக்கு என்ற மேற்பார்வையாளர் வந்து பேர் வாசித்து, இன்னார் இன்ன மலைக்கு வேலைக்கு என்று அனுப்புவார். அவர் சொல்வதற்கு முன் வரிசை கலைந்தவருக்கு அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது பாதிக் கூலி. இரண்டு வருஷமாக இந்தச் சனங்களுக்குத் துணி கிழித்துக் கொடுத்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்ததெல்லாம் லண்டன்.

"இது பெரட்டு இல்லங்க. கலஞ்சு..." என்று ஆரம்பித்தேன். வளைவில் ஹாரன் கேட்டது.

தேயிலைப் பெட்டி ஏற்றிய லாரி பனிக்குள்ளிருந்து வந்தது. நான் கொடியை ஆட்டினேன். கோட்டின் கை நீண்டு கொடியை மூடிக்கொண்டது. விசிலை ஊதினேன். விசில் கேட்டதும் வரிசை இன்னும் நேராக நிமிர்ந்தது. பெரட்டில் நிற்கும்போது துரையின் மோட்டார் வந்தால் அசையக் கூடாது என்பது அவர்கள் பாடம். எனக்கு இடப்பக்கம் ஆண்கள் சுவர், வலப்பக்கம் பெண்கள் சுவர். இரண்டு முனைகளையும் பின்னால் வந்தவர்கள் அடைத்திருந்தார்கள்; ஓடலாம் என்றால் இடுக்கு இல்லை. நான் போட்ட கோட்டுக்குள் நானே அடைபட்டு நின்றேன்.

பிரேக் கிரீச்சிட்டது. லாரி சறுக்கி, பெண்கள் வரிசைக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. மேலேயிருந்த ஒரு பெட்டி மெதுவாகச் சாய்ந்து ரோட்டில் விழுந்து உடைந்தது. லாரியின் மூக்குக்கு நேரே நின்றவள் நிறைமாதக்காரி. வயிற்றில் ஒரு கையை வைத்தபடி, கோட்டிலிருந்து விரற்கடைகூடப் பிசகாமல் நின்றாள். என்னைத் திரும்பிப் பார்த்து, மிகவும் மரியாதையாகக் கேட்டாள்: "இப்ப அசையலாங்களா ஐயா?"

வாயில் விசில் இருந்ததால் என்னால் பதில் சொல்ல முடியவில்லை என்று பின்னாளில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். விசில் எப்போதோ விழுந்திருந்தது.

சிங்கள டிரைவர் இறங்கி வந்து, உடைந்த பெட்டியைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், ஐயாவுக்குப் பதில் மாத்தயா போட்டு, தமக்குத் தெரிந்த தமிழில் பொறுமையாகச் சொன்னார்: "மாத்தயா, தோட்டம் மேலே. இது ரோடு."

அன்று என்னைக் காப்பாற்றியது கூட்டத்தில் வந்த ஒரு கங்காணி. என்னை ஓரமாக அழைத்துப் போய்க் காதோடு கேட்டார்.

"தம்பி துணிக்கடை மாப்பிள்ளதானே?"

"ஆமாங்க."

"நெனச்சேன். கோட்ட ரோட்டுக்குக் குறுக்கப் போட்டா குறுக்கத்தான் நிப்பாங்க. ஓரத்துல நெடுகப் போடுங்க, ஓரமா நிப்பாங்க. வண்டி இல்லாத நேரமாப் பாத்து, போன்னு சொல்லுங்க. பெரட்டு வச்சா கடசில ஆள அனுப்பணும்ல?"

அன்று மாலையே குறுக்குக் கோடுகளைத் தேய்த்து அழித்துவிட்டு, இரண்டு ஓரங்களிலும் நெடுகக் கோடு போட்டேன். மாமனார் கடை வாசலிலிருந்தே சொன்னார்: "அடிபடலேல்ல? ஒரு ஞாயிறு ஆச்சு."

இரண்டாம் ஞாயிறு நம்ப முடியாத அழகோடு நடந்தது. ஓரக் கோட்டில் வரிசையாக நின்றார்கள். நான் கொடியைக் காட்டி வண்டிகளை நிறுத்தி, விசில் ஊதி, "போங்க" என்றேன். எல்லோரும் ஒரே நேரத்தில், ஓடாமல், கடந்தார்கள். கண்டாக்கையா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ராலாமி வந்து பார்த்துவிட்டுத் தலையசைத்தார். எங்கள் கடையில் கூட்டம் தாங்கவில்லை. போர்டு எனக்கு நன்றி தெரிவித்தது. ராத்திரி வீட்டுக்காரி இரண்டு பாத்திரங்களைச் சாக்கில் கட்டினாள்.

மூன்றாம் ஞாயிறு எனக்குக் காய்ச்சல். மூன்று கம்பளிக்கு அடியில் கிடந்தேன். வெளியே நல்ல மழை. தரைப் பலகையில் இரண்டு தட்டு. நான் அசையவில்லை. மறுபடி இரண்டு தட்டு. வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏங்க, நிக்கிறாங்க" என்றாள்.

"யாரு?"

"எல்லாரும்."

எழுந்து பார்த்தேன். எதிர் ஓரத்தில் கோட்டின் மேல் ஐம்பது பேர் நனைந்துகொண்டு நின்றார்கள். ரோடு காலி. மழைக்குப் பயந்து ஒரு வண்டிகூட வரவில்லை. விடிந்ததிலிருந்து அப்படியே நிற்பதாகக் கீழேயிருந்து சத்தம் வந்தது. காய்ச்சலோடு கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினேன். கோடு போட்டவன் நான்தானே. வெறும் ரோட்டைப் பார்த்து விசில் ஊதி, "போங்க" என்றேன். போனார்கள். அந்த நிறைமாதக்காரி அன்று வரவில்லை. வியாழக்கிழமையே பெண் குழந்தை பிறந்துவிட்டதாக மூக்குத்திக்காரம்மா வரிசையிலிருந்தபடி யாரிடமோ சொல்லிக்கொண்டு போனாள். அது ஒன்றுதான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த கஷாயம்.

நான்காம் ஞாயிறும் ஒருவர் காலிலும் ஒரு கீறல் இல்லாமல் முடிந்தது. மறுநாள் மாமனார் முன்னால் போய் நின்றேன். அவர் வாக்குத் தவறுகிறவர் இல்லை. அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்துக் கல்லாமேல் வைத்தார். நான் கையை நீட்டினேன். அவர் சாவியின் மேல் கஜக்கோலை வைத்தார்.

"நீங்க கொட்டகலை போனப்புறம் இவங்கள யாரு அனுப்புவா மாப்ள?"

"கடையில ஒருத்தர விட்டுட்டுப் போறேன் மாமா."

"விடுங்க."

கடையில் என்னைத் தவிர இரண்டு பேர். இருவரிடமும் கோட்டை நீட்டினேன். ஒருவர் தமக்குக் கழுத்துப் பிடிப்பு என்றார். மற்றவர் கோட்டை வாங்கி, மடித்து, என் கையிலேயே திரும்பக் கொடுத்தார்.

மாமனார் நியாயமாகத்தான் முடிவு சொன்னார். "ஆளில்லாம அவங்களாவே கடக்கட்டும். வர்ற ஞாயிறு ஒரு தடவ கடந்துட்டாப் போதும். அன்னிக்கே கெளம்புங்க."

அந்த வாரம் முழுக்க வீட்டுக்காரி சாக்குகளைக் கட்டினாள். அம்மிக்கல் மட்டும் பாக்கி. ஞாயிறு காலை கோட்டையும் தொப்பியையும் மாடியில் ஆணியில் மாட்டிவிட்டு, வேட்டி சட்டையோடு பின்வாசல் வழியாக இறங்கி, மேல்வரிசைக்குப் போய் ஒரு வெற்றிலைக் கடை ஓரமாக நின்றேன். எதிரே எங்கள் கடை வாசலில் மாமனார், கையில் சாவி. மேலே ஜன்னலில் வீட்டுக்காரி.

கூட்டம் இறங்கி வந்து கோட்டில் நின்றது. அன்று பனிகூட இல்லை. வளைவு வரை கழுவிவிட்ட மாதிரி தெரிந்தது. ஒரு பஸ் வந்தது, போனது. ஒரு மாட்டு வண்டி போனது. பிறகு ஒன்றுமே இல்லை. ரோட்டை ஒரு காகம் மட்டும் நடந்து கடந்தது. கூட்டம் நின்றது. சிலர் எங்கள் மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னலில் வீட்டுக்காரி இரண்டு கைகளாலும் அவர்களை வா வா என்று அழைத்துப் பார்த்தாள். சிலர் அவளுக்குப் பதில் கும்பிடு போட்டார்கள். மாமனார் சாவியை மறுபடி அரைஞாணில் கோக்கத் தொடங்கினார்.

என்னால் தாங்க முடியவில்லை. வெற்றிலைக் கடையை விட்டு வந்து, வரிசையின் ஓரத்தில் நின்ற மூக்குத்திக்காரம்மாவிடம் போனேன்.

"ரோடு காலியாத்தானேம்மா கெடக்கு. போகலாமே."

அவள் என் வேட்டியிலிருந்து தலை வரை ஒரு தடவை பார்த்தாள். அறிமுகமில்லாத ஆளைப் பார்க்கிற பார்வை. பிறகு கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள்:

"கண்டாக்கையா வரட்டும்."